கறிவேப்பிலைக்கும் கணவரைக் கேட்க வேண்டுமா?

கேள்வி: ஜெர்சி சிட்டியில் ஏழு வருஷம் இருந்தோம். க்ரோவ் ஸ்ட்ரீட் ரயில் நிலையம் வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை. பால் தீர்ந்தால் மாடியிலிருந்து இறங்கினால் போதும். மகளை ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டு நியூவார்க் அவென்யூ வரை போய்க் கறிவேப்பிலை வாங்கி வருவதற்குள் தெரிந்த முகம் நாலாவது பார்த்துவிடுவேன். கணவருக்கு இங்கே சிப் தொழிற்சாலையில் வேலை கிடைத்து இந்த மே மாதம் அரிசோனாவுக்கு வந்தோம், ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் சாண்ட்லர். ஒரே கார். காலை ஏழு மணிக்கு அவரோடு போய்விடும். என்னிடம் நியூ ஜெர்சி லைசென்ஸ் இருக்கிறது. எடுத்த பிறகு ஓட்டியதே இல்லை. ஜூனில் ஒரு நாள், வரைபடத்தில் 1.1 மைல்தானே என்று மூன்று வயது மகளோடு கடைக்கு நடந்தேன். பாதி வழியில் ஒரு பெண் காரை நிறுத்தி, “ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். அழுதுவிட்டேன். கணவர் நல்லவர்தான், சனிக்கிழமை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போகிறார். ஆனால் கறிவேப்பிலைக்குக்கூட அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. சில நாள் சாயங்காலம் வரை குளிக்கக்கூடத் தோன்றுவதில்லை. கார் ஓட்டப் பழகினால் எல்லாம் சரியாகிவிடுமா, இல்லை திரும்பிப் போய்விடலாம் என்று அவரிடம் சொல்லட்டுமா?
— ஒரு வாசகி, சாண்ட்லர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெண் ஏன் காரை நிறுத்தினார் தெரியுமா? ஜூன் மாதப் பகலில் இந்த ஊரில் ஒருவர் ரோட்டோரம் நடக்கிறார் என்றால், வண்டி எங்கோ பழுதாகி நிற்கிறது என்றுதான் அர்த்தம். குழந்தையோடு என்றால் கேட்கவே வேண்டாம். அவர் உங்களை வேடிக்கை பார்க்கவில்லை, பயந்துபோயிருப்பார்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நான் மயிலாப்பூரில் வளர்ந்தவள். மாட வீதியில் நடந்து பழகிய கால். இங்கே வந்த முதல் ஜூனில், பக்கத்துச் சிக்னலில் இருந்த வங்கிக்குச் செருப்போடு கிளம்பினேன். திரும்பி வரும்போது இடது செருப்பின் அடி தனியாகத் தொங்கியது. பசை இளகிவிட்டது. ஒரு காலை இழுத்து இழுத்து வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த வாரமே ஸ்டியரிங்கைப் பிடித்தேன், இன்று அதுவே தொழில். பன்னிரண்டு வருஷமாக இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் உங்களைப் போலவே லைசென்ஸைப் பர்சில் வைத்துக்கொண்டு ஓட்டத் தெரியாமல் வருகிறவர்கள்தான். அதனால் மனநல ஆலோசகராக இல்லாமல், பக்கத்து சீட்டில் உட்காருகிறவளாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த 1.1 மைல். ஊரின் வரைபடத்தைக் கொஞ்சம் விலகிப் பாருங்கள், கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருக்கும். ரே, சாண்ட்லர் புலவார்ட், பீகோஸ், ஜெர்மன், க்வீன் க்ரீக் என்று கிழக்கு மேற்காக மைலுக்கு ஒரு பெரிய ரோடு. டாப்சன், ஆல்மா ஸ்கூல், அரிசோனா அவென்யூ, மெக்வீன், கூப்பர் என்று வடக்கு தெற்காக மைலுக்கு ஒன்று. கடைகளெல்லாம் கட்டத்தின் மூலைகளில். வீடுகள் உள்ளே, சுற்றுச்சுவருக்குப் பின்னால், முட்டுச்சந்து முட்டுச்சந்தாக. ஆக நீங்கள் வீட்டிலிருந்து சுவரில் வாசல் இருக்கிற இடம் வரை சுற்றிப்போய், அப்புறம் ஆறு வழிப் பெரிய ரோட்டின் ஓரமாகவே மூலை வரை போக வேண்டும். அந்த ரோட்டில் வண்டிகள் 45 மைல் வேகத்தில் போகும். நிழலுக்கு ஒரு மரம் இருந்தால் அதிர்ஷ்டம். க்ரோவ் ஸ்ட்ரீட்டில் ஒரு மைல் நடந்தால் வழியில் முப்பது கடையாவது வரும். இங்கே ஒரு மைலுக்கு ஒரு சுவர்தான் வரும். உங்கள் கால் பலவீனமாகிவிடவில்லை. ஊரைக் கட்டியவர்கள் நடப்பவரை நினைத்துக் கட்டவில்லை, அவ்வளவுதான். ஃபீனிக்ஸில் 1950இல் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர், ஊரின் பரப்பு 17 சதுர மைல். இன்று பதினாறு லட்சம் பேர், 500 சதுர மைலுக்கு மேல். நடுவில் வளர்ந்ததெல்லாம் கார் வாங்கியவர்களுக்கும் ஏசி போட்டவர்களுக்கும் வளர்ந்தது.

சரி, திரும்பிப் போகலாமா? அந்த முடிவை ஜூலையில் எடுக்காதீர்கள். நீங்கள் வந்த நேரம் அப்படி. ஜெர்சி சிட்டிக்கு முதல் தடவை ஜனவரி பனியில் வந்து இறங்கியவர் அந்த ஊரைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்? இங்கே ஜூலைதான் ஜனவரி. 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 110 டிகிரிக்குக் குறையவே இல்லை, நம் கணக்கில் 43க்கு மேல். அந்த மாதங்களில் இந்த ஊர்க்காரர்களே வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடப்பார்கள். அக்டோபர் பாதியில் ஒரு நாள் காலை கதவைத் திறப்பீர்கள், ஆளே மாறிவிட்ட மாதிரி காற்று வரும். அதிலிருந்து ஏப்ரல் வரை, உங்கள் பழைய அக்கம்பக்கத்தார் பனியை வாரிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் முற்றத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். டிசம்பர் வரை பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

அதுவரைக்கும் நடக்கவே கூடாதா என்றால், நடக்கலாம். ஆனால் இங்கே நடைக்கு இடம் தேடுவதற்கு முன்னால் நேரம் தேட வேண்டும். அரிசோனாவில் கடிகாரத்தை முன்னும் பின்னும் மாற்றுகிற வழக்கம் இல்லை. அதனால் ஜூன், ஜூலையில் ஐந்தேகால், ஐந்தரைக்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும். ஐந்து மணிக்கு இறங்கி ஆறுக்குள் வீடு திரும்புகிறவர்கள் இங்கே நிறையப் பேர். நீங்கள் தெருவில் யாரையும் பார்க்கவில்லை என்று எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், பார்த்திருக்க மாட்டீர்கள். கராஜ் கதவு மேலே போகும், கார் உள்ளே நுழையும், கதவு இறங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைவிட அவர் வண்டியின் நம்பர்தான் நமக்கு நன்றாகத் தெரியும். அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் அவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வரும்போதுதான் முடியும். கணவர் ஏழு மணிக்குத்தானே கிளம்புகிறார்? மகளை அவர் பொறுப்பில் தூங்கவிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இன்னொரு லாபமும் உண்டு. இந்தியாவோடு நமக்கு வருஷம் முழுக்க ஒரே பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை ஐந்து என்றால் ஊரில் சாயங்காலம் ஐந்தரை. அம்மா காபி குடித்துவிட்டுச் சும்மா இருக்கிற நேரம். நான் அப்படித்தான் பேசிக்கொண்டே மூன்று மைல் போய்விடுவேன்.

எங்கே நடப்பது? பெரிய ரோடு வேண்டாம், வாய்க்கால் கரைக்குப் போங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஹோஹோகம் மக்கள் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்திருக்கிறார்கள். இன்றைய வாய்க்கால்கள் சில அந்தப் பழைய தடத்திலேயே ஓடுகின்றன. சாண்ட்லரில் கன்சாலிடேட்டட் வாய்க்காலை ஒட்டி பசேயோ ட்ரெய்ல் என்று நடைபாதை போட்டிருக்கிறார்கள். தண்ணீர், கொக்கு, சில இடங்களில் மரம், கார் கிடையாது. உங்கள் வீட்டிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று இன்றைக்கே பாருங்கள். வெயில் ஏறிய பிறகு தார் ரோடு 160 டிகிரி வரை போகும், அதாவது 70 செல்சியஸுக்கு மேல். ஸ்ட்ரோலரில் உட்கார்ந்திருக்கும் குழந்தை நம்மைவிடத் தரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நிழலுக்காக மேலே துணியைப் போட்டு மூடினால் உள்ளே இன்னும் புழுங்கும். ஒன்பது மணிக்கு மேல் மகளை நடையில் கூட்டிப்போகாதீர்கள். அப்புறம், ரோட்டை நடுவில் கடக்கவே கடக்காதீர்கள், சிக்னல் அரை மைல் தள்ளி இருந்தாலும் சரி. நடந்து போகிறவர்கள் வண்டி மோதி இறப்பது அமெரிக்காவில் அதிகமாக உள்ள மாநிலங்களில் இதுவும் ஒன்று. அதிலும் பெரும்பாலும் இருட்டிய பிறகு.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ஆமாம், ஓட்டப் பழகுங்கள். வேறு வழியைச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். லைசென்ஸை முதலில் இந்த மாநிலத்துக்கு மாற்றிவிடுங்கள். நியூ ஜெர்சி லைசென்ஸ் இன்னும் செல்லுபடியாகிறது என்றால் பொதுவாக ரோடு டெஸ்ட் கேட்க மாட்டார்கள். டெஸ்ட் இல்லை என்பதற்காகப் பயிற்சி வேண்டாம் என்று அர்த்தமில்லை. இன்னொன்று, கணவரிடம் கற்றுக்கொள்ளாதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துவார். நீங்கள் அதைப் பார்ப்பீர்கள். வீடு வந்து சேரும்போது சண்டை காரைப் பற்றியதாக இருக்காது. என்னிடம் வருகிறவர்களில் ரொம்பப் பேர் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வருகிறவர்கள்தான்.

நான் எப்படி ஆரம்பிப்பேன் என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி, திறக்காத ஒரு பெரிய கடையின் வாகன நிறுத்தம். சும்மா நேராகப் போய் நிற்பது, பின்னால் வருவது, கோட்டுக்குள் நிறுத்துவது. இரண்டு நாள் இதே. மூன்றாவது நாள் வெளியே. வலது பக்கம் மட்டும்தான் திரும்புவோம். ஊர் கட்டம் கட்டமாக இருப்பதன் உபயோகம் அப்போதுதான் தெரியும்: ஒரு மூலையில் கிளம்பி நான்கு தடவை வலது திரும்பினால் சரியாக நாலு மைல், கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். எதிரே வருகிற வண்டியைக் குறுக்கே கடக்க வேண்டிய பயமே இல்லை. ஒரு வாரம் அந்தக் கட்டத்தையே சுற்றச் சொல்வேன். கோயில் பிரகாரம் மாதிரிதான். எந்தச் சந்தில் வேகத்தடை, எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் காலையில் 15 மைல் பலகையை ரோட்டின் நடுவில் கொண்டுவந்து வைப்பார்கள் என்றெல்லாம் கை தானாகவே பழகிவிடும். பிறகு இடது திருப்பம், பச்சை அம்பு விழுகிற சிக்னல்களில் மட்டும். அம்பு இல்லாமல் வெறும் பச்சையில் எதிர்ப்பக்கத்து மூன்று வரிசையும் காலியாகக் காத்திருந்து திரும்புவதற்குத்தான் எல்லாருக்கும் உள்ளங்கை வேர்க்கும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். உங்களுக்காக பில் கட்டுகிறவர் அவர் இல்லையே. லூப் 202 நெடுஞ்சாலையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கறிவேப்பிலைக்கு நெடுஞ்சாலை வேண்டாம்.

கோடையில் கார் வைத்திருப்பது ஒரு தனிக் கலை. ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அடுப்பில் பாத்திரம் இறக்குகிற துணி ஒன்று என் காரில் எப்போதும் இருக்கும். குழந்தை சீட்டின் பெல்ட்டில் ஒரு உலோக நாக்கு இருக்கிறதே, அதுதான் முதல் எதிரி. பூட்டும் முன் விரலால் தொட்டுப் பாருங்கள், இறங்கும்போது வெள்ளைத் துண்டால் மூடிவிட்டுப் போங்கள். குழந்தையை ஒரு நிமிஷம்கூடக் காரில் விட்டுவிட்டு இறங்கக்கூடாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். தண்ணீர் பாட்டில் இல்லாமல் பக்கத்துச் சிக்னலுக்குக்கூட வண்டியை எடுக்காதீர்கள். குளிர் ஊர்களில் நாலைந்து வருஷம் ஓடும் பேட்டரி இங்கே இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். நல்ல கடை நிறுத்தத்தில் வாசல் பக்கம் இடம் காலியாக இருந்தும் ஊர்க்காரர்கள் தூரத்தில் ஒரு குச்சி மரத்தடியில் போய் நிறுத்துவதைப் பார்ப்பீர்கள். பாலோ வெர்டே, பச்சைப் பட்டை உள்ள மரம். அந்த ஒரு பிடி நிழலுக்காக நூறு அடி நடக்கத் தயாராகிவிட்டால் நீங்கள் அரிசோனாக்காரி ஆகிவிட்டீர்கள். ஜூலை, ஆகஸ்டில் புழுதிப் புயல் வரும், பழுப்புச் சுவர் ஒன்று நகர்ந்து வருகிற மாதிரி. ரோட்டை விட்டு முழுவதுமாக இறங்கி நிறுத்துங்கள், எல்லா விளக்கையும் அணையுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதுதான் ரோடு என்று நினைத்து நம் மேலேயே ஏறிவிடுவார்.

ஓட்டத் தைரியம் வரும்வரை என்ன செய்வது? பஸ் இருக்கிறது என்று சொன்னால் பாதி உண்மை. 2008இல் ஆரம்பித்த ரயில் ஃபீனிக்ஸ், டெம்பி, மெசா வரை போகிறது, சாண்ட்லருக்கு வரவில்லை. அரிசோனா அவென்யூவில் ஓடும் 112ஆம் நம்பர் பஸ் மெசாவில் ரயிலைப் பிடித்துக் கொடுக்கும். அக்டோபருக்குப் பிறகு ஒரு தடவை மகளோடு ஆசைக்குப் போய்ப்பாருங்கள். நகராட்சி நடத்துகிற சாண்ட்லர் ஃப்ளெக்ஸ் என்ற வேன் கூப்பிட்டால் வரும், எல்லாப் பகுதிக்கும் இல்லை. உங்கள் முகவரிக்கு உண்டா என்று பாருங்கள். அப்புறம் வேமோ. ஓட்டுநரே இல்லாத கார் பொதுமக்களை ஏற்ற ஆரம்பித்தது 2020 அக்டோபரில், நம் பக்கத்தில்தான். கூரையில் கிரீடம் மாதிரி ஒன்றைச் சுழற்றிக்கொண்டு போகிறதே, அது. என் தொழிலுக்கு எமன். ஆனால் சிக்னலில் நிற்கிற ஒழுங்கைப் பார்த்தால் என் மாணவர்களைவிட நன்றாகத்தான் ஓட்டுகிறது. குழந்தை சீட்டை நீங்களேதான் கொண்டுபோய்ப் பூட்ட வேண்டும். மாதம் நாலைந்து தடவை அதில் போவதற்கு ஒரு தொகை ஒதுக்கச் சொல்லுங்கள். இதைக் கணவரிடம் தயவு மாதிரி கேட்காதீர்கள். அந்த ஊரில் மாத ரயில் பாஸ் வாங்கினீர்கள் இல்லையா, அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது கார் பழசாக இருந்தாலும் போதும். ஏசி மட்டும் நன்றாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது கறிவேப்பிலை இல்லை, அந்த நாலு தெரிந்த முகம்தான். கார் ஓட்டப் பழகினால் கறிவேப்பிலை வந்துவிடும், முகம் வராது. ஜெர்சி சிட்டியில் யாரையும் தேடிப் போகாமலே பார்த்தீர்கள். இங்கே நாள் குறித்துப் போனால்தான் உண்டு. அது முதலில் செயற்கையாகத்தான் இருக்கும். நூலகத்தில் கதை சொல்லும் நேரம் என்று வாரத்தில் ஒரு நாள் வைத்திருப்பார்கள், அதே நாள், அதே நேரம், ஒரு வாரம்கூட விடாமல் போங்கள். நான்காவது வாரம் இன்னொரு அம்மா, “போன வாரம் காணோமே” என்பார். அதுதான் ஆரம்பம். கோடையில் இந்த ஊரின் திண்ணை எது என்றால் குடியிருப்பின் நீச்சல் குளம். சூரியன் இறங்கி ஏழேமுக்காலுக்கு மேல் போய்ப்பாருங்கள். பகலெல்லாம் கண்ணில் படாத ஊர் முழுக்கத் தண்ணீருக்குள் கழுத்தளவில் நிற்கும். தண்ணீரில் இறங்காவிட்டாலும் பரவாயில்லை, காலை நனைத்துக்கொண்டு உட்காருங்கள்.

வீட்டு ஒப்பந்தம் முடிகிறபோது, அடுத்த வீட்டைக் கணவரின் ஆபீஸ் தூரத்தை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். பழைய டவுன்டவுன் சாண்ட்லர் பக்கம் ஒரு சாயங்காலம் போய் நடந்து பாருங்கள். டாக்டர் சாண்ட்லர் என்ற கால்நடை வைத்தியர் 1912இல் மனை பிரித்து விற்ற ஊர் அது. ஏசி வராத காலத்தில் உருவான கடைவீதி என்பதால் கடைகளுக்கு முன்னால் தூண் வைத்து நிழல் தாழ்வாரம் இருக்கிறது. நூலகம், பூங்கா, சாப்பாட்டுக் கடை எல்லாம் நடக்கிற தூரம். அதன் சுற்றுவட்டத்தில் வாடகைக்குக் கிடைத்தால் காரும் வைத்துக்கொண்டு காலுக்கும் வேலை கொடுக்கலாம். டெம்பியில் ரயில் பாதையை ஒட்டி, குடியிருப்பவர்களுக்குக் கார் நிறுத்தமே இல்லாமல் கல்டிசாக் என்று ஒரு குடியிருப்பையே 2023இல் திறந்திருக்கிறார்கள். சிறு குழந்தையோடு உங்களுக்கு அது ஒத்துவருமா என்பது வேறு விஷயம். இந்த ஊரிலும் அப்படி வாழ நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிவதற்காவது ஒரு நாள் போய்ப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் என் கணக்கில் சேர்க்க மாட்டேன். சாயங்காலம் வரை குளிக்கத் தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஊர் மாறிய சலிப்பாகவும் இருக்கலாம், அதற்கு மேலேயும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால், தூக்கமோ பசியோ மாறியிருந்தால், டாக்டரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் போய்விடும் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். கணவரிடமும் அந்த ஜூன் நாளைப் பற்றி, கார் நின்றது, அழுதது எல்லாவற்றையும் முழுசாகச் சொல்லியிருக்கிறீர்களா? எனக்கு எழுதியதைப் பார்த்தால் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது.

கறிவேப்பிலைக்கு இடைக்கால ஏற்பாடு: ஒரு செடியைத் தொட்டியில் வைத்துவிடுங்கள். வெளிமாநிலத்திலிருந்து தபாலில் வரவழைக்காதீர்கள், எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி இதிலும் தொற்றும் என்பதால் கட்டுப்பாடு உண்டு. உள்ளூர் நர்சரியிலேயே வாங்குங்கள். மேற்குச் சுவர் பக்கம் வைத்தால் ஒரே மத்தியானத்தில் கருகிவிடும். கிழக்குப் பக்கம், காலை வெயில் மட்டும் படுகிற இடம். கோடையில் காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி என்று போன் காட்டுகிற இரவுகளில் மட்டும் தொட்டியை வீட்டுக்குள் இழுத்துவிடுங்கள்.